முன்பக்க இடது மூலை

என்னைப் பார்த்து "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டினவங்க யாருக்கும் என் வீட்டுல ரெண்டாவது தடவை டீ கிடைச்சதில்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். இடுப்புக்குக் கீழ எனக்கு உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. டாக்ஸி கம்பெனி ஒண்ணுக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை எனக்கு. "வண்டி இன்னும் வரலியே"ன்னு கத்துறவங்களை நாள் முழுக்கச் சமாளிக்கிறவ நான். யாரும் எனக்காகக் கண்ணைக் கசக்க வேண்டாம்.

ஆனா ஒரு விஷயத்துக்கு எனக்கு ஆள் வேணும். எங்க ஜெபக்கூடம் மாடியில இருக்கு. கீழே டயர் கடை, அதுக்கு மேல பல் டாக்டர், அதுக்கும் மேல நாங்க. லிஃப்ட் கிடையாது. வேற இடம் பார்க்கணும்னு எல்லாரும் பேசுவாங்க, பேசிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க. அதனால ஞாயிற்றுக்கிழமை காலையில நாலு பேர் என்னைச் சக்கர நாற்காலியோட அப்படியே தூக்கிட்டு மேல போவாங்க. "மகாராணி பல்லக்கு ரெடியா?"ன்னு கேட்டுக்கிட்டே வருவான் லாரி ஓட்டுற நெட்டை. "குதிரைங்க சாப்பிட்டாச்சான்னு முதல்ல கேளு"ம்பேன் நான். மேல போய்ச் சேர்ந்ததும் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறது என் வேலை. எனக்கு உயிரே அதுதான். நான் சுருதி பிடிச்சுக் கொடுத்தா அந்தக் கூடமே ஒரே குரலா எழும்பும். வேற எங்கேயும் நான் அப்படி எழுந்து நின்னதில்லை.

தூக்குறதுக்கு ஒரு முறை உண்டு. என் முதுகு படிக்கட்டுப் பக்கம் இருக்கும். பின்னாடி கைப்பிடியை என் தம்பியும் ரொட்டிக்கடைக்காரரும் பிடிச்சு மேல ஏறுவாங்க. கீழ்ப்படியில, என்னைப் பார்த்த மாதிரி ரெண்டு பேர். என் வலது கால் பக்கம் நெட்டை, இடது கால் பக்கம் குழாய் அண்ணன். பாரம் முழுக்கக் கீழ நிக்கிற அந்த ரெண்டு பேர் மேலதான் இறங்கும். குழாய் அண்ணன் ஊர்ல பாதி வீட்டுக்குத் தண்ணிக் குழாய் போட்டவர், ரிப்பேர் பார்த்தவர். பேச்சு கம்மி. எல்லாரும் பிடிச்சதுக்கு அப்புறம் அவர் மட்டும் தன் மூலையை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். மெதுவா இறக்குவார். "சரியா இருக்கா தங்கச்சி?"ன்னு கேட்பார். "சரி அண்ணே"ன்னு நான் சொன்னாத்தான் "தூக்குங்க"ன்னு வாயைத் திறப்பார். எத்தனையோ வருஷமா இதுதான் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வாசலைத் தாண்டி, படி திரும்புற சதுரத்துல வந்துட்டிருக்கோம். "கொஞ்சம் இறக்குங்க"ன்னார் குழாய் அண்ணன். அப்படிக் கேட்கிற ஆளே இல்லை அவர். இறக்கினாங்க. அவர் மூலை மட்டும் சத்தமே இல்லாம தரையைத் தொட்டுச்சு. குனிஞ்சு பிரேக்கைப் போட்டார். அதுக்கப்புறம்தான் கீழ்ப்படியில உட்கார்ந்தார். நெத்தியில முத்து முத்தா வேர்வை. என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். ஏதோ கேட்கப் போறார்னு நினைச்சேன். பார்த்துக்கிட்டே சுவர்ல சாய்ஞ்சுட்டார்.

டாக்டர், ஆஸ்பத்திரி, ஓட்டம் எல்லாம் நடந்துச்சு. ஒண்ணும் பிரயோஜனம் இல்லை. இதயம்னு சொன்னாங்க. எப்ப வேணா, எங்க வேணா நடந்திருக்கும்னு சொன்னாங்க. சொல்றது சுலபம். அவர் தூக்கிட்டு வந்தது மாவு மூட்டையை இல்லையே, என்னைத்தானே? அந்த மனுஷன் கடைசியாப் பார்த்த முகம் என் முகம். அவர் பெண்டாட்டி முகம் இல்லை. அதை நினைச்சா இப்பவும் சோறு இறங்க மாட்டேங்குது.

"இனிமே நான் மேல வரல"ன்னு சொல்லிட்டேன்.

சொன்னதும் சும்மா விடுவாங்களா எங்க ஆளுங்க? படையெடுத்து வந்தாங்க. துணி துவைக்க ஒருத்தர், சமைச்சுக் கொடுக்க ஒருத்தர், தலை சீவி விட ஒருத்தர்னு முறை போட்டுக்கிட்டாங்க. ரொட்டிக்கடைக்காரர் கொண்டு வந்து கொடுத்த ரொட்டியை வெச்சே இன்னொரு கடை திறந்திருக்கலாம். போதகர் வந்து என் மேஜையில ஒரு போனை நிக்க வெச்சு, "இருந்த இடத்துலயே கலந்துக்கம்மா, பாட்டும் நீயே எடுத்துக் கொடு"ன்னார். எடுத்துக் கொடுத்தேன். அங்க என் குரல் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க ரெண்டாவது அடிக்குப் போயிட்டாங்க. நான் மூணாவது அடியில இருக்கிறப்ப ஆமென்னு கேட்குது. போனைக் குப்புறக் கவுத்துட்டு அழுதேன். அந்தக் கூடத்துக்குப் போகணும்னு நெஞ்சு அடிச்சுக்குது. அந்தச் சதுரத்தைத் தாண்டவும் மனசு வரல. இதுதான் என் நிலைமை.

அது ஆரம்பிச்சது அந்த வாரத்துலதான்.

சாயங்காலம் தெருவிளக்கு எரியுற நேரம். வேலையை முடிச்சிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியோட முன்பக்க இடது மூலை எழும்புச்சு. ஒரு விரல் உயரம், அதுக்கு மேல இல்லை. ஒரு நொடி அப்படியே நின்னுச்சு. அப்புறம் மெதுவா இறங்குச்சு. சத்தமே இல்லை.

காலு எனக்கு மரத்துப் போச்சு, ஆனா உட்கார்ந்திருக்கிற உடம்பு சாயுறது தெரியாதா?

மறுநாளும் அதே நேரம், அதே மூலை. தம்பிகிட்ட சொன்னேன். "தரை சரியில்லக்கா"ன்னு சக்கரத்துக்கு அடியில அட்டையை மடிச்சு வெச்சான். அட்டையோட சேர்த்துத் தூக்குச்சு. நெட்டை வந்து, தரை சமமா இருக்கான்னு பார்க்கிற ரசமட்டக் கட்டையை வெச்சு மூலை மூலையாப் பார்த்தான். "உங்க வீட்டுத் தரையில கோலிகுண்டை வெச்சா நகராது மகாராணி, அவ்ளோ சுத்தம்"னு சொன்னவன், என் முகத்தைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டான். ரொட்டிக்கடைக்காரர் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். பாவம், அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது.

கடைசியில போதகர்கிட்ட சொன்னேன். அவர் நல்ல மனுஷன், என்ன, நிமிஷத்துக்கு ஒரு தடவை தொண்டையைக் கனைப்பார்.

"இறந்தவங்க ஆண்டவர்கிட்ட இளைப்பாறுறாங்கம்மா. நாற்காலி தூக்க வரமாட்டாங்க"ன்னார்.

"நானும் அதைத்தான் நம்பறேன். அதனாலதான் பயமா இருக்கு."

"மனசுல பாரம் இருந்தா உடம்பு இல்லாததெல்லாம் காட்டும்."

"உடம்பா காட்டுது? அதுக்குத்தான் பாதி உணர்ச்சியே இல்லையே. இருக்கிற பாதி பொய் சொல்லுதா?"

அவர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு ஜெபம் பண்ணிட்டுப் போனார். நானும் தினம் ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, அவர் உம்மகிட்ட இருக்கார்னா இது யாரு? அவரேதான்னா, ஏன் இன்னும் இளைப்பாற விடாம வெச்சிருக்கீர்? சின்ன வயசிலிருந்து கேள்வி கேட்காம நம்பினவ நான். படுக்கையில விழுந்தப்பகூட ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்ப ஒரு விரல் உயரம் என்னை ஆட்டி வெச்சுட்டுச்சு. ஒவ்வொரு சாயங்காலமும் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கினதும், வழக்கம் மாதிரி ஏதாவது கேட்பாரோன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். ஒண்ணும் கேட்காது. அந்த மௌனம்தான் கொடுமை.

குழாய் அண்ணனோட பெண்டாட்டி அதுவரைக்கும் என் வீட்டுப் பக்கம் வரல. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை, ஈரப் படுக்கை விரிப்பை முறுக்கி முறுக்கி இரும்பாட்டம் கை. வரமாட்டாங்கன்னுதான் நினைச்சேன், என் முகத்துல முழிக்க அவங்களுக்கு எப்படி மனசு வரும்? ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டிட்டு உள்ள வந்தாங்க. "இன்னிக்கு தலை சீவுறது என் முறை"ன்னாங்க. அவங்க பேரை யார் முறையில சேர்த்ததுன்னு தெரியல. அவங்களே சேர்த்துக்கிட்டாங்க போல.

சீப்பை எடுத்து என் பின்னாடி நின்னு சிக்கெடுக்க ஆரம்பிச்சாங்க. வலிச்சுது, நான் வாயைத் திறக்கல. எவ்வளவு வேணா இழுங்க அண்ணி, தலையோட பிடுங்கினாலும் தகும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வெளியில வெளிச்சம் மங்கிட்டே வந்துச்சு. போயிடுங்க அண்ணி, சீக்கிரம் போயிடுங்கன்னு வாய் வரைக்கும் வருது. எப்படிச் சொல்றது?

தெருவிளக்கு எரிஞ்சுது. மூலை எழும்புச்சு.

சீப்பு என் தலையிலேயே நின்னுச்சு. அண்ணி சுத்தி முன்னாடி வந்தாங்க. சக்கரம் தரையைத் தொடாம நிக்கிறதைப் பார்த்தாங்க. அது மெதுவா இறங்குறதையும் பார்த்தாங்க. அலறுவாங்கன்னு நினைச்சேன். அலறல. அப்படியே தரையில உட்கார்ந்து, என் கால் வைக்கிற பலகைக்கு அடியில கையை விட்டுத் துழாவினாங்க, கட்டிலுக்கு அடியில போன சாமானைத் தேடுற மாதிரி.

"இவர்தான்"னாங்க. "இப்படித்தான் எதையும் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரை, பீரோவை, கல்யாணத்தன்னிக்கு என்னைக்கூட."

"அண்ணி, நான் கூப்பிடல. சத்தியமா நான் கூப்பிடல."

"எத்தனை நாளா?"

"தினமும்."

அவங்க முகத்துல வந்ததைப் பயம்னு சொல்ல முடியாது. வயிறு எரியுற ஒருத்தியோட முகம் அது. "வீட்டுல அவர் சட்டையை இன்னும் துவைக்காம வெச்சிருக்கேன்"னாங்க. "கதவைத் தாழ் போடாம படுக்கறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கனவுலகூட எட்டிப் பார்க்கல. இங்க தினமும் வராராமா? உன்கிட்டயா?"

அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து நின்னாங்க.

"நாற்காலியைக் குடு."

"என்ன அண்ணி?"

"ஒரு ராத்திரி. நாளைக்குக் கொண்டு வந்து கொடுத்துடறேன். நாற்காலியைத் தேடித்தானே வரார்? என் வீட்டுல இருந்தா அங்க வருவார்."

தம்பி சமையல்கட்டுலேருந்து ஓடி வந்தான். "அக்கா பாத்ரூம் போறதுக்குக்கூட அது வேணும், என்ன பேசுறீங்க நீங்க?"ன்னு குரலை உயர்த்தினான். அவன் சொல்றதும் நியாயம்தான். அந்த நாற்காலி என் கால். யாராவது வந்து ஒரு நாளைக்கு உன் காலைக் குடுன்னா கழட்டிக் கொடுப்பீங்களா? ஆனா எல்லாரும் எனக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகிட்டாங்க. ரொட்டி கொடுத்தாங்க, தோள் கொடுத்தாங்க, ஒருத்தர் உயிரையே விட்டார். என்கிட்ட யாரும் எதையும் கேட்டதே இல்லை. முதல் தடவையா ஒருத்தர் கேட்கிறாங்க.

"என்னைக் கட்டில்ல போடுடா"ன்னேன் தம்பிகிட்ட.

"அக்கா, யோசிச்சுத்தான் பேசுறியா?"

"போடுன்னா போடு!"

இன்னிக்கு விளக்கு எரியுற நேரம் தாண்டிடுச்சு, நாளைக்குச் சாயங்காலமும் நாற்காலி அங்கதான் இருக்கணும், அதுக்கு மறுநாள் காலையில கொண்டு வாங்கன்னு நானே சொல்லி அனுப்பினேன். காலி நாற்காலியை அண்ணி தெருவுல தள்ளிக்கிட்டுப் போற சத்தம் ரொம்ப தூரம் கேட்டுச்சு. எதிர்ல வந்தவங்க என்ன நினைச்சிருப்பாங்களோ. பாத்ரூம் பாடு, தம்பி பாடு எல்லாம் இங்க எழுத வேண்டாம். இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுறான்.

மறுநாள் சாயங்காலம் கட்டில்ல மல்லாந்து படுத்திருந்தேன். பயமே இல்லை. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த நேரத்துல நிம்மதியா மூச்சு விட்டேன். ஆண்டவரே, அண்ணி வீட்டுக்கு அனுப்பும், அந்தப் பொம்பளை வயிறு குளிரட்டும்னு வேண்டிக்கிட்டேன். ஜன்னல்ல தெருவிளக்கு வெளிச்சம் விழுந்துச்சு.

கால்மாட்டுல, கட்டிலோட இடது பக்கத்துக் கால் எழும்புச்சு.

தேக்குக் கட்டில் அது. நெட்டையும் தம்பியும் சேர்ந்தாலும் அசைக்க மூச்சு வாங்குவாங்க. ஒரு விரல் உயரம் எழும்பி, நின்னு, சத்தமில்லாம இறங்குச்சு.

"அண்ணே"ன்னேன். குரல் எனக்கே கேட்கல. "வீடு மாறி வந்துட்டீங்க. நாற்காலி அங்க இருக்கு. அண்ணி காத்துக்கிட்டு இருக்காங்க. அங்க போங்க அண்ணே."

மறுபடி எழும்புச்சு.

"போங்கன்னு சொல்றேன்ல! அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" கத்தி அழுதேன். தம்பி ஓடி வந்து விளக்கைப் போட்டான். ஒண்ணுமில்லைடான்னு அனுப்பிட்டேன். நாற்காலியைத் தேடி வரல அவர். என்னைத் தேடித்தான் வரார். இதை எப்படி ஒரு பெண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்றது?

சொன்ன மாதிரியே காலையில அண்ணி நாற்காலியோட வந்தாங்க. மெத்தை உறையைத் துவைச்சு, இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாங்க. முகத்துல சிரிப்பு.

"வந்தார்"னாங்க.

"எப்ப அண்ணி?"

"அதே நேரம்தான். விளக்கு எரிஞ்சதும் நாற்காலியைத் தூக்கினார். என்கிட்டப் பேசினார். 'தங்கச்சியை மேல கொண்டு போய்ச் சேர்த்துடு, என் இடத்துல நீ நின்னு தூக்கு'ன்னார்."

உயிரோட இருந்தப்பவே சேர்ந்தாப்புல அவ்வளவு பேசுற ஆள் இல்லை அவர். அண்ணி பொய் சொல்றாங்க. அந்த நேரத்துல அவர் என் கால்மாட்டுல இருந்தார். எனக்குத் தெரியும். ஆனா சிரிச்சுக்கிட்டு இருக்கிற அந்த வாய் கோணி நடுங்குறப்ப நான் என்னன்னு சொல்ல? பொய் பேசக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு. பொய்யைப் பிடிச்சுக் கொடுத்தே ஆகணும்னு எங்க இருக்கு?

"அப்படியா அண்ணி"ன்னேன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை போகலாம்."

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை வாசல்ல நாலு பேரும் நின்னாங்க. என் இடது கால் பக்கம் அண்ணி. புடவையைத் தூக்கிச் செருகி, சலவைக்கூடத்துல நிக்கிற மாதிரி காலை அகட்டி நின்னாங்க. "பாரம் தாங்குமா?"ன்னு ரொட்டிக்கடைக்காரர் இழுத்தார். "உங்க ரொட்டி மூட்டையைவிட கம்மிதான், பிடிங்க"ன்னாங்க அண்ணி. பல்லக்கு, குதிரைன்னு யாரும் கேலி பேசல. நெட்டைதான் "தூக்குங்க"ன்னான். தூக்கினாங்க.

முதல் மாடி வரைக்கும் நான் கண்ணைத் திறக்கல. எல்லார் மூச்சும் கேட்டுச்சு. அண்ணி மூச்சு ஒரே சீரா இருந்துச்சு. பல் டாக்டர் வாசல் மருந்து வாசனை அடிச்சுது, அது தாண்டிப் போச்சு. அப்புறம் "கொஞ்சம் இறக்குங்க"ன்னு அண்ணி குரல்.

கண்ணைத் திறந்தேன். அதே சதுரம், அதே சுவர். அவர் நின்ன இடத்துல அண்ணி நிக்கறாங்க. நெத்தியில வேர்வை. என் முகத்தையே பார்க்கறாங்க.

"அண்ணி, நெஞ்சு வலிக்குதா? தம்பி, டாக்டரைக் கூப்பிடுடா!"

"சும்மா இரு. எனக்கு ஒண்ணுமில்லை." என் முகத்துக்கு நேரா குனிஞ்சாங்க. மத்தவங்களுக்குக் கேட்காத குரல்ல கேட்டாங்க. "அன்னிக்குச் சாயங்காலம், நாற்காலி என் வீட்டுல இருந்தப்ப, உன்கிட்டதானே வந்தார்?"

எத்தனையோ பேருக்கு "வண்டி இதோ வந்துட்டே இருக்கு"ன்னு கூசாமப் புளுகினவ நான். அந்த இடத்துல, அந்தக் கண்ணுக்கு முன்னாடி, என்னால முடியல.

"ஆமா அண்ணி. கட்டிலைத் தூக்கினார்."

அண்ணி கண்ணை மூடினாங்க. திட்டுவாங்க, என்னை அங்கேயே விட்டுட்டு இறங்கிப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். போனாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். தம்பி "என்னாச்சு?"ன்னு மேலேருந்து கேட்டான்.

"விடிய விடிய அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்"னாங்க அண்ணி. "விடியறப்பதான் புரிஞ்சுது. எடுத்த வேலையைப் பாதியில போட்டுட்டு அந்த மனுஷன் ஒரு நாளும் வீடு திரும்பினதில்லை. உன்னை இந்த இடத்துல விட்டுட்டு எப்படி வருவார்?"

குனிஞ்சு பிரேக்கை எடுத்துவிட்டாங்க. முந்தானையால வேர்வையைத் துடைச்சுக்கிட்டு என் கால் பலகையை இறுக்கிப் பிடிச்சாங்க.

"ம், தூக்குங்க. பாட்டெல்லாம் முடிச்சிட்டு தெருவிளக்கு எரியறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்."